உயர்ந்துகொண்டே வந்த தெரு

வலியசாலை,
திருவனந்தபுரம்.
11-4-1999, ஞாயிறு.

அன்புள்ள கௌசுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவுக்கு இடுப்புவலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது, பிலானியில் இப்போதே அனல் காற்று அடிப்பதாகப் பேப்பரில் பார்த்தேன், நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் நீ ஒவ்வொரு வாரமும் என்ன விசேஷம் என்று கேட்கும்போது, ஒன்றுமில்லை, எல்லாம் பழையபடிதான் என்று சொல்லிவந்தேன். அது உண்மையில்லை. மூன்று மாதமாகத் தெருவில் ஒரு காரியம் நடந்தது, அதில் நானும் அகப்பட்டுக்கொண்டேன், நீ பூத்தில் நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிகிற விஷயமல்ல அது. முதலில் அன்றைக்கு நான் சொல்லாமல் வந்ததை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஜனவரி இருபத்திநாலாம் தேதி நம் வார்டு சபையில், வார்டு ஜனங்களே ஸ்கூலில் கூடி என்ன வேலை நடக்கவேண்டும் என்று முடிவுசெய்கிற கூட்டத்தில், தயவுசெய்து தார் போடாதீர்கள், முதலில் பழைய ரோட்டைத் தோண்டி எடுங்கள் என்று எழுந்து நின்று சொல்வதற்காகப் போனேன். மலையாளத்தில் நாலு வாக்கியமாக எழுதி மனப்பாடம்கூடச் செய்திருந்தேன். சொல்லவில்லை.

தார் போட்டால் என்ன என்று நீ கேட்பாய், நானும் போன டிசம்பர் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் தெரு கோயில் பக்கத்திலிருந்து ஆற்றுப் பக்கம் சரிந்து போவது உனக்குத் தெரியும், நாம் உயரமான மேலண்டை, கீழண்டைக் கடைசியில் தாழ்வாக இருப்பது நீலாம்பாள் மாமி வீடு. அதன் முன்னறையில் உச்சிமாகாளி தேய்ப்புக்கடை வைத்திருக்கிறார், உன் ஸ்கூல் யூனிஃபாரமெல்லாம் தேய்த்தாரே அவர்தான், கடைக்குப் பின்னால் தட்டி மறைத்து அங்கேயே அவரும் சம்சாரமும் பெண்ணும் குடியிருக்கிறார்கள். மாமி பின்கட்டில் இருக்கிறாள், அங்கே தரை உயரம். துலாமாச மழையில் மூன்று தடவை ரோட்டுத் தண்ணீர் அந்த முன்னறைக்குள் புகுந்தது, மூன்றாம் தடவை தேய்த்து அடுக்கி வைத்திருந்த துணியெல்லாம் சகதியாகிவிட்டது, அதில் அப்பாவின் ஆபீஸ் சட்டை நாலு, நாகேஸ்வரன் மாமாவின் மயில்கண் வேஷ்டி ஒன்று. தெருவே வந்து உச்சிமாகாளியைத் திட்டியது. துணியை உயரத்தில் வைக்கத் தெரியாதா, மழை வரும் என்று தெரியாதா என்று ஆளுக்கு ஒன்று. அவர் எல்லோருக்கும் துவைத்து மறுபடி தேய்த்துக் கொடுத்தார். அதற்கப்புறம் நீலாம்பாள் மாமி அவரைக் கூப்பிட்டு, "ஊரார் பேச்சைக் கேக்க எனக்கு வய்யாது, இனி ஒரு தடவை வெள்ளம் கேறினா நீ வேற எடம் பாத்துக்கோ, கேட்டியா" என்று சொல்லிவிட்டாள். வேறு இடம் இங்கே எங்கே கிடைக்கும், சொந்த ஊரான வள்ளியூருக்குத் திரும்பிப் போவதுதான். பெண் ஒன்பதாவது முடித்துப் பத்தாவதுக்குப் போகிற வருஷம்.

டிசம்பரில் ஒருநாள் லைப்ரரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், கடைக்கு முன்னால் குழாய் உடைந்து ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், உச்சிமாகாளி தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, "மாமி, இங்க ஒரு அதிசயத்தப் பாத்துட்டுப் போங்க" என்றார். பள்ளத்தின் சுவரில் தார் அடுக்கடுக்காகத் தெரிந்தது, தார், ஜல்லி, மறுபடி தார், ஜல்லி. "எண்ணிப் பாருங்க, எட்டு. ரோடு போடுதோம்னு சொல்லிட்டு அடையல்லா சுட்டு அடுக்கியிருக்கான். எங்க வீடு தாழல மாமி, தெருதான் ஒசந்துக்கிட்டே வருது. இன்னும் ரெண்டு தடவ போட்டாம்னா நாங்க சன்னல் வழியா ஏறித்தான் வெளிய வரணும்" என்று சிரித்தார். நான் பள்ளத்தையும் அவர் அறையின் தரையையும் மாறிமாறிப் பார்த்தேன். பழைய ரோடு அந்தத் தரையைவிட ஒரு சாணுக்கும் அதிகமாகத் தாழ்ந்து இருந்திருக்கிறது. இருபது வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறேன், எத்தனையோ படிக்கிறேன், இது என் கண்ணில் படவில்லை. அவர் தோண்டிப்போட்ட மண்ணிலிருந்து செங்கல் பருமனில் ஒரு தார்க்கட்டியைத் தேடி எடுத்து, எட்டு அடுக்கும் உடையாமல், பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். சபையில் காட்டுவதற்கு. "எனக்கு ஓட்டு வள்ளியூர்ல கெடக்கு, இங்க பதினோரு வருசமாத் தேச்சும் நான் வெளியூர்க்காரன், நான் சொன்னா சபையில ஏறாது. நீங்க படிச்சவிய. நீங்க சொன்னா கேப்பாவ" என்றார். நான் சரி என்றேன்.

இப்படித்தான் அந்தக் கட்டியைப் பையில் போட்டு, அதன்மேல் லைப்ரரிப் புத்தகத்தை வைத்து மூடிக்கொண்டு சபைக்குப் போனேன். ஸ்கூல் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம், கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயாவும் பருப்புவடையும் கொடுத்தார்கள், பிறகு விஷயத்துக்கு ஒரு குழுவாகப் பிரிந்து போகச் சொன்னார்கள். பெண்களெல்லாம் பெண்கள் குழுவுக்குப் போனார்கள், அங்கே தையல் மிஷின் யாருக்கு என்று பேச்சு. நான் ரோடு குழுவில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், அங்கே நான் ஒருத்திதான் பெண், அப்பா முன்வரிசையில் நாகேஸ்வரன் மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமாவை நீ சைக்கிளுக்கு வழிவிடாதவராக மட்டும்தான் அறிவாய். செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீஸராக இருந்து ரிட்டையரானவர், எழுபத்திநாலிலிருந்து நம் தெருவின் மனுவெல்லாம் அவர் கை எழுதியதுதான். அன்றைக்கும் ஒரு மனு கொண்டுவந்திருந்தார். உற்சவத்துக்கு சுவாமி தெருவுக்கு எழுந்தருளும்போது தூக்குகிறவர்கள் வெறுங்காலில் பள்ளத்தில் இடறுகிறார்கள், ஆகவே தெரு முழுவதும் இந்த மார்ச்சுக்குள் புதுத் தார் போட்டுத் தரவேண்டும் என்று இங்கிலீஷில் படித்து, மலையாளத்தில் விளக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள், சம்மதம் என்று கையும் தூக்கினார்கள். பள்ளம் இருப்பதும் உண்மைதான், அப்பாவின் இடுப்பே சாட்சி. கவுன்சிலர் சுசீலாபாய், உனக்கு மூன்று நாலு வயதுதான் மூப்பாக இருக்கும் என்று தோன்றுகிற முகம், டியூட்டோரியலில் கணக்குச் சொல்லித்தரும் பெண், கைகளை எண்ணி எழுதிக்கொண்டார். நான் பைக்குள் கைவிட்டதைப் பார்த்திருக்க வேண்டும். "சேச்சிக்கு எந்தெங்கிலும் பறயானுண்டோ" என்று, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று, என்னை நேராகவே கேட்டார். முன்வரிசை முழுக்கத் திரும்பியது. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்குப் பேசத் தெரியாமலில்லை, பயமும் பெரிதாக இல்லை. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து யார் கண்ணிலும் அதிகம் படாமல், புத்தகமும் நானுமாக இருந்து பழகிவிட்டேன், அது எனக்குப் பிடித்தும் இருந்தது. எழுந்து நின்று பேசினால் அதற்கப்புறம் இந்தத் தெருவுக்கு நான் பேசினவளாகிவிடுவேன். அந்த ஒரு சௌகரியத்தை விட மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டேன், இதைவிட மரியாதையாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெளியே கேட்டில் உச்சிமாகாளி நின்றிருந்தார், கடையை அரைநாள் மூடிவிட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. "சொல்லிட்டியளா மாமி" என்று கேட்டார். அடுத்த தடவை சொல்கிறேன் என்றேன். அவர் என் பையைப் பார்த்தார். பிறகு, "செரி மாமி. கனமா இருக்கும், பையக் குடுங்க, வீடு வரைக்கும் கொண்டாறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. நாலு கிலோ இருக்கும் அந்தக் கட்டி, அவ்வளவு தூரமும் நானே சுமந்துகொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பாவிடம் தேங்காயெண்ணெய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு சுசீலாபாயின் வீட்டுக்குப் போனேன். மனப்பாடம் செய்த நாலு வாக்கியத்தையும் வாசலிலேயே ஒப்பித்தேன். அவர் கேட்டுவிட்டு, "தமிழிலயே சொல்லுங்க சேச்சி, எங்க வீட்டுலயும் தமிழாக்கும், பாறசாலைக்காரங்க நாங்க" என்றார். கட்டியை மேஜைமேல் வைத்தேன். அவர் அடுக்கை எண்ணிப் பார்த்தார், அவருடைய அம்மா உள்ளேயிருந்து வந்து எண்ணிப் பார்த்தாள், சாயா வந்தது. பிறகு சுசீலாபாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இத நீங்க அங்க வச்சுச் சொல்லியிருந்தா அன்னைக்கே மினிட்ஸில கேறியிருக்கும். இப்ப புக்கு அடச்சாச்சு. நான் ஒரு எழுத்து மாத்துனா, கவுன்சிலர் தன்னிஷ்டத்துக்கு மாத்துனான்னு நாகேஸ்வரன் சாரே மொதல்ல பராதி எழுதுவாரு." நான் எழுந்துவிட்டேன். அவர்தான் உட்காரச் சொன்னார். அன்று கை தூக்கின அதே ஆட்களில் பாதிக்குமேல், தோண்டிவிட்டுப் போடுவதே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஓவர்ஸியர் எஸ்டிமேட் போட வருகிற திங்கட்கிழமைக்குள் அதைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது என்றார். ஆனால் ஒரு தடை. தோண்டிப் போடுவதற்கு செலவு கூட, ஒதுக்கினது பாதித் தெருவுக்குத்தான் வரும். "பாதின்னா தாழ்ந்த பாதி. உங்க வீடு எங்க சேச்சி?" மேலண்டை என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப உங்க வாசல்ல கெடக்க குழி அங்கயே கெடக்கும், பாத்துக்கிடுங்க" என்றார்.

கையில் ஐந்து நாள், தெருவில் நாற்பத்தொரு வீடு. மனுவை நானே மலையாளத்தில் எழுதினேன், முதல் கையெழுத்துக்கான வரியை மட்டும் காலியாக விட்டேன். அது ஏனென்று இந்தத் தெருவில் யாரையும் கேட்க வேண்டாம், எந்த மனுவிலும் முதல் வரி நாகேஸ்வரன் மாமாவுடையது, அது நிரம்பாமல் இரண்டாம் வரியில் யாரும் பேனா வைக்கமாட்டார்கள். எனக்கு அவரிடம் போக தைரியமில்லை, மற்றவர்களிடம் முதலில் போய்ப் பார்க்கலாமென்று நினைத்தேன். அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ என் இடுப்புக்கு ஆர் மனு குடுக்கறது" என்றார். அரைமணி கழித்து சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவிட்டு வந்து இரண்டாம் வரியில் வெங்கடகிருஷ்ணன் என்று போட்டுவிட்டார். மற்ற வீடுகளில் உபசாரமெல்லாம் நடந்தது, கையெழுத்து நடக்கவில்லை. காப்பி கொடுத்தார்கள், கட்டியைத் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள், "எல்லாம் சரியாக்கும் சூடாமணி, மாமா போட்டாச்சோ" என்று கேட்டார்கள். நீலாம்பாள் மாமி, யாருக்காக இதெல்லாமோ அந்த வீட்டுக்காரி, "எங்காத்து வாசலைத் தோண்டிப் போட்டுட்டா மார்கழி இல்லேன்னாலும் நான் தெனம் கோலம் போடணுமே, எங்க போடறது, உன் தலையிலயா" என்றாள். எதிர்வீட்டில், மேலண்டைக்காரி கீழண்டைக்கு என்னத்துக்கு அலைகிறாள், அந்தத் தேய்ப்புக்காரன் என்ன கொடுத்தான் என்று என் காதில் விழும்படியே ஒருத்தர் பேசினார். வியாழக்கிழமை ராத்திரி வரை மூன்றே கையெழுத்து, அப்பாவையும் என்னையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை காலையில் வேறு வழியில்லாமல் நாகேஸ்வரன் மாமா வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இருபத்தஞ்சு வருஷமா நான் எழுதினதெல்லாம் தப்புன்னு சொல்ல வந்திருக்கியா" என்று ஆரம்பித்தார். நான் அதற்குப் பதில் சொல்லாமல், மாமா, ரோட்டுக்கு நீங்கள் எழுதின பழைய மனுக்களைப் பார்க்கவேண்டும் என்றேன். ஃபைல் கேட்டு அவர் கொடுக்காமல் இருந்ததில்லை, கோபத்தோடேயே போய் எடுத்துவந்தார். கார்பன் நகல், தேதிவாரியாக, ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு மையில் அனுகூலம் என்று எழுதி அதன் கீழே ரோடு போட்ட தேதி. நான் மேஜையில் பேப்பரை விரித்துக் கட்டியை வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். குண்டூசியை எடுத்து மேலேயிருந்து ஒவ்வொரு அடுக்காகத் தொட்டு, தொண்ணூற்றஞ்சு, தொண்ணூற்றொன்று, எண்பத்தாறு, எண்பத்திமூன்று என்று ஃபைலைப் புரட்டிக்கொண்டே போனார். ஏழு மனு, ஏழு அடுக்கு சரியாக வந்தது. எட்டாவது ஒன்று மிச்சம். கௌசு, அவருக்கு அதில்தான் முதலில் கோபம் வந்தது. "இது எங்கேர்ந்து வந்தது? என் மனு இல்லாம இந்தத் தெருவுல ஆர் ரோடு போட்டா?" என்று எழுந்துவிட்டார். அவர் ஆத்து மாமி சமையலறையிலிருந்து, "நாம குடிவரச்சேயே ஒரு ரோடு இருந்துதே, அதுலதானே வண்டியில சாமான் வந்தது" என்று சொன்னபிறகு உட்கார்ந்தார்.  ஏழு சிவப்பு அனுகூலத்தையும் மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "கேட்டதெல்லாம் குடுத்துட்டா சூடாமணி. ஒண்ணு விடாம குடுத்துட்டா. அதாக்கும் கொழப்பம்" என்றார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை, எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கவே என்னவோபோல் இருந்தது.

ஆனால் அவர் நாகேஸ்வரன் மாமாதானே, அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிட்டார். என் மனுவை வாங்கிப் படித்து இரண்டு இடத்தில் திருத்தினார், மேலண்டைப் பாதியை அடுத்த வருஷம் மறு நினைவூட்டல் இன்றியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தார், பிறகு அந்தக் காலி வரியில் முழுப்பேரையும் பழைய உத்தியோகத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் எனக்கு வேலையே இல்லை. அவரே செருப்பை மாட்டிக்கொண்டு குடையும் கட்டியுமாகத் தெருவில் இறங்கிவிட்டார், ஒவ்வொரு வீட்டிலும் குண்டூசி வைத்துக் காட்டி வருஷம் சொன்னார், நான் பின்னாலேயே பேனாவோடு போனேன். எதிர்வீட்டுக்காரரும் மேலண்டையில் இன்னும் சிலரும் கடைசிவரை போடவில்லை, அது அவர்கள் இஷ்டம், அவர்கள் வாசலில் பள்ளம் இருக்கத்தானே செய்கிறது. நீலாம்பாள் மாமி, "ஓய், இத்தனை வருஷமா எங்காத்துக்குள்ள தண்ணி விட்டது நீர்தானா" என்று அவரைக் கேட்டாள், அவர், "ஆமாம், முறைப்படி மனு குடுத்து விட்டேன், போடும் கையெழுத்தை" என்றார், அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். முப்பத்திரண்டு கையெழுத்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுசீலாபாய் சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடிக்க வேண்டுமென்று எல்லா வார்டிலும் ஒரே ஓட்டம், நம் முறை மார்ச் எட்டாம் தேதி வந்தது. கடப்பாரை போட்டு ஒரு அடிக்குமேல் தோண்டினார்கள், பதினெட்டு நாள். தெரு முழுக்கப் புழுதி, தேய்ப்புக்கடையை அவ்வளவு நாளும் நம் கார் ஷெட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னேன், கார்தான் இல்லையே, அதனால் இடம் இருந்தது. அந்த நாட்களில் உச்சிமாகாளியின் பெண் மத்தியானத்தில் என் அலமாரியிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் படித்தாள், உன் பழையவற்றில் இரண்டைக் கொடுத்துவிட்டேன், கோபிக்காதே. சுவாமி எழுந்தருளியபோது கீழண்டைப் பாதி வெறும் மண்ணாக இருந்தது, தண்ணீர் தெளித்து அமுக்கி வைத்தார்கள், தூக்கினவர்களில் ஒருவர் காலுக்கு மெத்தென்று இருக்கிறது, இப்படியே விட்டுவிடுங்களேன் என்றாராம். சிலர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். நீலாம்பாள் மாமி வீட்டு வாசலில் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து ஒரு கருங்கல் படி வெளியே வந்தது, அதன்மேல் தாமரை கொத்தியிருக்கிறது, அங்கே அப்படி ஒன்று இருந்தது மாமிக்கே ஞாபகமில்லை. மாமி அந்தப் படியின் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்நார் போட்டு அரை நாள் தேய்த்தாள். இப்போது அதில்தான் கோலம், வருகிறவர் போகிறவரையெல்லாம் மிதிக்காமல் தாண்டிப் போகச் சொல்கிறாள், அது ஒரு புதுத் தொந்தரவு.

நான் பயந்ததும் நடந்துவிட்டது. இப்போது தெருவில் எனக்கு மனு மாமி என்று பெயர். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருத்தி வருகிறாள், நாய்த்தொல்லை என்று ஒருவர் வருகிறார், நான் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற மத்தியானங்கள் குறைந்துவிட்டன. நினைத்த அளவுக்கு அது மோசமாக இல்லை, அவ்வளவுதான் சொல்வேன். உன் மெஸ் கமிட்டியில் ஏதோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்துவிட்டதாக ஜனவரிக் கடிதத்தில் எழுதியிருந்தாய், என்னிடம் வழி கேட்டிருந்தாய். அந்த வாரம்தான் நானும் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தேன், அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை, வேண்டுமென்றுதான் விட்டேன். இப்போதும் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, என் கதையைத்தான் எழுத முடிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. புது ரோடு முடிந்து இரண்டு வாரமாகிறது, இன்னும் மழை பெய்யவில்லை. ரோட்டோரத் தண்ணீர் ஓடையின் வாய் சரியாக வைத்தார்களா, சரிவு சரியா என்று மழை வந்தால்தான் தெரியும் என்று ஓவர்ஸியரே சொல்லிவிட்டுப் போனார். மேலண்டைத் தண்ணீர் முழுவதும் இப்போது தோண்டின பாதியில்தான் போய் விழும், அது எதிர்வீட்டுக்காரர் சொன்ன பேச்சு, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நீலாம்பாள் மாமி தன் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. உச்சிமாகாளி துணிகளை அலமாரியின் மேல்தட்டில்தான் வைக்கிறார். நேற்று சாயங்காலம் பொன்முடி மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, தெருவில் எல்லோரும் வாசலில் வந்து நின்று பார்த்தோம், பெய்யாமல் கலைந்துவிட்டது.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் போகாதே, மோர் கிடைத்தால் வாங்கிக் குடி, கண்ணாடி பவர் பார்க்க வேண்டிய மாசம் இது. பரீட்சையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மே மாதம் வருவதற்கு டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே போய் எடு, சைடு லோயர் வேண்டாம். வரும்போது ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல், மேலண்டையில் பள்ளம் இருக்கிறது. உனக்கு நல்ல உடம்பும் நல்ல மனசும் நல்ல சிநேகிதமும் என்றைக்கும் இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

உன் பிரியமுள்ள
அம்மா

பின்குறிப்பு: 13-4-99. நேற்று கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை, மழை வந்துவிட்டது. நாலரைக்குத் தொடங்கி ஆறேமுக்கால் வரை நிற்காமல் பெய்தது. குடையோடு கீழண்டைக்குப் போனேன், நாகேஸ்வரன் மாமா எனக்கு முன்பே அங்கே இருந்தார். தண்ணீர் ஓடைக்குள் போயிற்று. உச்சிமாகாளியின் அறைக்குள் வரவில்லை.